குன்னூர் மலைச்சாலையில் மூன்று களைப்பூக்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் சாலை, கல்லாறு பாக்குத் தோப்புகளைத் தாண்டி மலையேறுகிறது. வழி நெடுகிலும் பஞ்சு உருண்டை போன்ற சிறு பூங்கொத்துகள் தென்படும். எல்லாம் ஒரே செடி போலத் தோன்றினாலும் இவை மூன்று வகை. மூன்றும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அடையாளம் மாறினால் களையெடுத்த கூலி வீண்.

முதலாவது பூம்புல். முழங்கால் முதல் இடுப்பளவு வளரும். உடலெங்கும் மென்ரோமம், பூக்கொண்டை மிளகளவு, வெளிர்நீலம் அல்லது வெள்ளை. இலையின் அடி வட்டமாகவோ குறுகியோ இருக்கும்.

இரண்டாவது நீலப்பூ அஜிரேட்டம். அழகுக்கு வளர்த்த செடி தோட்டத்தை விட்டு வெளியேறிக் களையானது. பூ சற்றுப் பெரிது, நீலமும் அடர்த்தி. இலையின் அடி இதய வடிவம். பூவின் அடிக்கிண்ணத்தைத் தொட்டால் பிசுபிசுக்கும்.

மூன்றாவது யூபடோரியம். குன்னூருக்கு மேலே ஓடைக்கரைகளிலும் தேயிலைத் தோட்ட ஓரங்களிலும் புதராக ஆளுயரம் நிற்கும். தண்டு கருஞ்சிவப்பு, இலை கொத்தனார் கரண்டி வடிவம், பூ தூய வெள்ளை. சில தண்டுகளில் முடிச்சுபோல வீக்கம் இருக்கும். இக்களையைக் கட்டுப்படுத்த வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு ஈயின் வேலை அது.

சந்தேகம் வந்தால் முற்றிய பூவை உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். வெண்முடியுடன் விதை பறந்தால் யூபடோரியம். முடியில்லாமல், உச்சியில் சிறு செதில்கள் இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று.

பூம்புல் ஒரு பருவச் செடி. பூக்குமுன் கையால் பிடுங்கினாலே போதும். யூபடோரியம் பல ஆண்டு வாழும். அரிவாளால் அறுத்தால் மறுபடி துளிர்க்கும். வேர்க்கட்டையோடு தோண்ட வேண்டும். வெட்டிய தண்டை ஈர வரப்பில் போடாதீர்கள், கணுவில் வேர்விடும். மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை பிடிப்பதால் ஒற்றைச் செடியையும் விடக்கூடாது. சரிவான ஓடைக்கரையை ஒரேயடியாக வெறுமையாக்காமல், பகுதி பகுதியாக அகற்றி உடனே புல் நடுங்கள். இல்லையேல் மழையில் மண் சரியும்.

தீவனக் கட்டில் இவை எதுவும் கலக்கக் கூடாது. பூத்த யூபடோரியத்தைத் தொடர்ந்து தின்னும் குதிரைக்கு நுரையீரல் கெடும். பூம்புல்லில் கல்லீரலைத் தாக்கும் நச்சு உண்டு. மட்டக்குதிரையும் கறவை மாடும் வைத்திருக்கும் மலைக் குடும்பங்கள், புல்லறுக்கும் முன் தண்டின் நிறத்தையும் இலையின் அடியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.