பேத்தியும் எண்ணூறு மீட்டரும்

போன வைகாசியில் மகள் ஒரு கவரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அப்பா, பாப்பாவுக்கு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல இடம் கெடச்சிருக்கு. அனுப்பலாமா? நீங்க சொல்லுங்க" என்றாள். பேத்தி எட்டாம் வகுப்பு முடித்தவள். விடியற்காலையில் கம்மாபுரத்தில் பஸ் ஏறி நெய்வேலிக்குப் போய் எண்ணூறு மீட்டர் ஓடிப் பழகுவாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் பதில் வரவில்லை.

காரணம் என் தம்பி. புதுச்சேரியில் நாங்கள் பிரெஞ்சு மீடியத்தில் படித்த காலத்தில் நான் இலக்கணத்தோடு மல்லுக்கட்டுவேன், அவன் பந்தோடு. பதினேழு வயதில் ஒரு கால்பந்துக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பெயர் வேண்டாம். பரீட்சை நாளிலும் ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். "படிப்பு எங்கே ஓடிப்போவுது?" என்பார்கள். பத்தொன்பதில் முழங்கால் போயிற்று. ஒரு வாரம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார்கள், பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பாதியில் விட்ட படிப்பை அவனும் தொடவில்லை. சைக்கிள் கடை, லாரி ஆபீஸ் என்று எங்கெங்கோ வேலை பார்த்தான். கடைசிவரை யார் தொழிலைக் கேட்டாலும், "ஃபுட்பால் ஆடிக்கிட்டிருந்தேன்" என்றுதான் சொன்னான்.

எண்ணூறு மீட்டர் என்றதும் சாந்தி சௌந்தரராஜனும் நினைவுக்கு வந்தார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சிக்காரர். செங்கல் சூளையில் உழைத்த பெற்றோரின் மகள். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் எண்ணூறு மீட்டரில் வெள்ளி வாங்கியபோது நம் வீட்டுப் பெண் ஜெயித்த மாதிரிக் கொண்டாடினோம். சில நாளிலேயே பாலினச் சோதனையில் தேறவில்லை என்று செய்தி வந்தது. பதக்கம் போயிற்று. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி ஊரெல்லாம் டீக்கடையில் பேசியது. நானும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவன்தான். மறு வருஷம் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். கலைஞர் அரசு கொடுத்த 15 லட்சத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். அப்படியும் 2012இல் செங்கல் சூளையில் தினக்கூலியாக நின்ற படத்தைப் பேப்பரில் பார்த்தோம். அதன்பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு முடித்து, 2016இல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. பத்து வருஷம் ஆயிற்று, பாருங்கள்.

ஒடிசாவின் டூட்டி சந்துக்கும் 2014இல் கிட்டத்தட்ட இதே சிக்கல்தான் வந்தது. ஆனால் இந்தத் தடவை இந்திய விளையாட்டு ஆணையமே துணைக்கு நின்றது. சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம்வரை போனார்கள். 2015இல் அந்த விதியே நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த வருஷம் அந்தப் பெண் ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். சாந்திக்கு அப்படி ஆள் நிற்கவில்லை.

பழைய பழக்கத்தில் இன்றும் பிரெஞ்சில் ஏதாவது படிப்பேன். பாரிஸை ஒட்டிய வேன்சேன் காட்டுக்குள் இன்செப் என்று ஓர் உயர்நிலை விளையாட்டு நிலையம் இருக்கிறது. அங்கே பயிற்சியோடு பள்ளிக்கூடமும் உள்ளேயே நடக்கிறது. 'தூப்ல் ப்ரொழே' என்பார்கள், இரட்டைத் திட்டம். பதக்கம் ஒரு திட்டம், பதக்கம் இல்லாத வாழ்க்கை இன்னொரு திட்டம். இரண்டையும் ஒன்றாகவே தொடங்க வேண்டும். 2015இல் ஒரு சட்டமும் போட்டார்கள். உயர்நிலைப் பட்டியலில் உள்ள வீரருக்கு விளையாட்டில் அடிபட்டால், வேலையில் அடிபட்ட தொழிலாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு உண்டு. படித்ததும் தம்பியின் முழங்கால்தான் கண்முன் நின்றது. அங்கேயும் குறை இருக்கும், பிரெஞ்சுக்காரர்களை எனக்குத் தெரியாதா! ஆனாலும் எழுதிவைத்திருக்கிறார்களே. நான் குமாஸ்தா. எழுதிவைத்ததற்கு ஒரு மதிப்பு உண்டென்று நம்புகிறவன்.

ஆகவே நானும் ஒரு தாள் எழுதினேன். காலில் அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி, யார் செலவு? பரீட்சைக்கு முன்னால் எத்தனை நாள் பயிற்சி குறையும்? ஏதாவது டெஸ்ட் எடுத்தால் எதற்கென்று பிள்ளைக்கும் பெற்றவர்களுக்கும் முன்கூட்டியே சொல்வீர்களா? தோற்று அழுதால் ராத்திரி யாரிடம் பேசுவாள்? பத்து கேள்விகள். ஹாஸ்டலில் பயிற்சியாளரம்மா முழுவதும் படித்துவிட்டு, "ஐயா, டைமிங்கையும் மெடலையும்தான் எல்லாரும் கேப்பாங்க" என்றார். ஆறு கேள்விக்குப் பதில் சொன்னார். மூன்றுக்கு விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். ராத்திரி அழுதால் என்பதற்கு மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, தன் செல் நம்பரைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் சம்மதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பேத்தி போன் பண்ணுவாள். சாப்பாடு, கணக்குப் பாடம், பக்கத்துக் கட்டில் பெண்ணோடு சண்டை எல்லாம் பேசுவோம். போன வாரம், "தாத்தா, நீங்க டைமிங்கே கேக்க மாட்டேங்குறீங்க" என்று கோபித்துக்கொண்டாள்.

"சரி, சொல்லு" என்றேன்.

"ரெண்டு நிமிஷம் முப்பத்தொண்ணு. ஆனா கணக்குல முப்பத்தெட்டுதான், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க!"