வெளியே வர ஒரு வாசல்

“நானா, வீட்டுல ஒரு மாஸ்டர் ஈக்கக்கொள்ள நாங்க வேற யார்ட்ட போய்க் கேக்குற?”

கட்டாரிலிருந்து தங்கச்சி தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது எனக்குள் சிறு பெருமை எழுந்ததை மறைக்க வேண்டியதில்லை. இருபது வருடங்களுக்கு மேலாகக் கிராமத்துப் பாடசாலையில் சோக்கட்டி பிடிப்பவன் நான். குடும்பத்தில் யாரும் இதுவரை என்னிடம் யோசனை கேட்டு ஒரு காரியம் செய்ததில்லை.

2022ஆம் ஆண்டின் இறுதியில் உலகக் கிண்ணக் கால்பந்துப் போட்டிகள் முடிந்தன. அடுத்த சில மாதங்களில் மச்சான் வேலை பார்த்த கட்டட நிறுவனம் ஆட்களைக் குறைத்தது. பதின்மூன்று வருட வாழ்க்கையைக் கார்கோ பெட்டிகளில் அடைத்து அனுப்பிவிட்டு 2023இன் நடுப்பகுதியில் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். மருமகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. டோஹாவில் இந்தியப் பாடசாலையொன்றில் படித்தவள். ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. இரண்டாம் மொழியாக இந்தி. அறபும் வாசிப்பாள். வீட்டில் எங்கள் ஊர்த் தமிழைத்தான் பேசுவாள். ஆனால் ‘அம்மா’ என்று எழுதிக் காட்டினால் அது அவளுக்கு ஒரு கோலம், அவ்வளவுதான்.

தங்கச்சியும் மச்சானும் மூன்று நிபந்தனைகள் வைத்திருந்தார்கள். தனியார் பாடசாலையாக இருக்க வேண்டும். பெண்பிள்ளைகள் மட்டும் படிப்பதாக இருக்க வேண்டும். விடுதி கூடாது. “பிளட்டுக்குள்ளயே வளந்த புள்ள. ஊருக்கு வந்தும் ஹொஸ்டல்லயா போடுற?” என்றாள் தங்கச்சி. மச்சான் இன்னொன்றையும் சொன்னார். “சல்லியப் பத்தி யோசிக்காதீங்க மச்சான். ஸ்கூலை மட்டும் பாருங்க.”

அரச பாடசாலையைப் பார்க்கலாமே என்று நான் சொல்லாமலில்லை. முதலாந் தர அனுமதிச் சுற்றுநிருபத்தில், பிள்ளையுடன் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களுக்கு நூற்றுக்கு ஒன்று என ஓர் ஒதுக்கீடு வெகுகாலம் இருந்து வந்தது. ஆனால் அது முதலாந் தரத்துக்கு. ஆறாந் தரத்தில் நகரத்துப் பெரிய பெண்கள் பாடசாலைக்குள் நுழைய ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் புள்ளி வேண்டும். ஏழாந் தரத்தில் வந்து இறங்கிய பிள்ளைக்கு இரண்டு வழியும் அடைபட்டுவிட்டன. தனியார் பாடசாலை என்பது அவர்களுக்கு வெறும் பகட்டு அல்ல என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தனியார் பாடசாலை என்ற ஒரே பெயரில் நாம் இரண்டு வேறு சாதிகளைச் சேர்த்துச் சொல்கிறோம். 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால், அதுவரை அரச நன்கொடை பெற்று நடந்த பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. ஒரு சில மட்டும் தனியாராகவே நின்றுகொண்டன. அவை கட்டணம் அறவிடுகின்றன. ஆனால் கற்பிப்பது நமது நாட்டுப் பாடத்திட்டம். எழுதுவது நமது க.பொ.த. சாதாரண தரம். அதே சட்டம் 5 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்கும் வழியை மூடியது. ஆகவேதான் பின்னர் முளைத்த சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிவு செய்யப்பட்டன. இவற்றில் பெரும்பாலானவை லண்டன், கேம்பிரிஜ் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துகின்றன. இந்த வேறுபாட்டைச் சொன்னபோது மச்சான், “ரெண்டும் பிரைவட்தானே?” என்றார். அப்போது எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

கண்டி நகருக்கும் அதன் சுற்றுப்புறத்துக்குமாக நான்கு நாட்கள் அலைந்தோம். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கற்பித்த ஒரு விரிவுரையாளர் அடிக்கடி சொல்வார்: ஒரு பாடசாலையை அறிய வேண்டுமானால் அதிபரின் அறையில் உட்காராதே, பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியைப் பார், மலசலகூடத்தைப் பார், நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுத்த பதிவேட்டைப் பார் என்று. அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

முதலில் போனது பெண்களுக்கான ஒரு சர்வதேசப் பாடசாலை. நம்மவர்கள் நடத்துவது. வாசலிலேயே குளிரூட்டியின் காற்று முகத்தில் அடித்தது. வரவேற்பறையில் இருந்த பெண்பிள்ளை ஸலாம் சொல்லி, பளபளப்பான கையேட்டைத் தந்தாள். தொழுகை அறை, குர்ஆன் வகுப்பு, அபாயா மாதிரியான சீருடை. தங்கச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. நான் கொப்பி பார்க்கக் கேட்டேன். கொஞ்சம் தயங்கித்தான் தந்தார்கள். ஒரே கொப்பியில் ஒரு வருடத்துக்குள் மூன்று விதமான கையெழுத்துகள் திருத்தியிருந்தன. ஆசிரியைகள் நிற்பதில்லை என்று விளங்கியது. இரசாயன ஆய்வுகூடத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தமிழ் கிழமைக்கு இரண்டு பாடவேளை. மாதக் கட்டணம் என் சம்பளத்தின் பாதியைத் தாண்டியது. பரீட்சைக் கட்டணம் தனி; அது பவுண் கணக்கில்.

அடுத்தது நகரத்தில் உள்ள பழைய தனியார் பெண்கள் பாடசாலை. வேறு மதத்தவர் ஆரம்பித்தது. சுண்ணாம்புச் சுவர், தேய்ந்த படிகள், குளிரூட்டியின் சிலமன் எங்கேயும் இல்லை. பாடங்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். தமிழைத் தாய்மொழிப் பாடமாக எடுக்கலாம், இஸ்லாம் பாடத்துக்கும் ஆசிரியை இருக்கிறார் என்றார்கள். நூலகப் பதிவேடு முந்திய நாள்வரை நிரம்பியிருந்தது. தங்கச்சியின் முதற் கேள்வி தலையை மூடுவதைப் பற்றியது. அந்த அதிபர் அம்மணி சிரித்துக்கொண்டே, நீள்காற்சட்டைக்கும் வெள்ளைத் துணிக்கும் அளவு குறித்த தாளை மேசை லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தத் தாளின் ஓரங்கள் கசங்கியிருந்தன. நமக்கு முன்பும் பலர் கேட்டிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் வாகன நெரிசல். முக்கால் மணி நேரம் வேனுக்குள். 7.30க்குப் பாடசாலை தொடங்குவதென்றால் எங்கள் ஊரிலிருந்து ஆறு மணிக்கு முன்பே பிள்ளை வாசற்படி இறங்க வேண்டும். நாங்கள் பெரியவர்கள் கட்டணம், சீருடை, வேன் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, அதுவரை வாய் திறக்காதிருந்த மருமகள் பின் ஆசனத்திலிருந்து கேட்டாள்.

“மாமா, அந்த ஸ்கூல்ல இன்டெர்வலுக்கு புள்ளயள் என்ன பாஷ பேசுவாங்க?”

யாரிடமும் பதில் இருக்கவில்லை. நான்கு நாட்களில் யாரும் கேட்காத கேள்வி அது. எந்தப் பாடம் எந்த மொழியில் என்று விசாரித்திருந்தோமே தவிர, அவள் யாருடன் எந்த மொழியில் சிரிக்கப் போகிறாள் என்று நாங்கள் யோசிக்கவேயில்லை.

அன்றிரவு சாப்பிட்டு முடித்துக் கைகழுவும்போது மனைவி சாவகாசமாகக் கேட்டாள்.

“மருமகளுக்கு ஸ்கூல் பாக்கப் போய் லாபெல்லாம் தொறக்கச் செல்லிப் பாத்தீங்களாம். எங்கட மகள்ட ஸ்கூல்ல லாப் தொறந்து எத்தின மாசம்?”

எங்கள் மகள் எட்டாந் தரம், நான் கற்பிக்கும் அதே பாடசாலையில். கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய் இரண்டு தவணைகள் கடந்திருந்தன. பதிலுக்கு யாரும் வரவில்லை. அந்தப் பாடவேளைகளில் பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்கிறார்களா என்று பார்ப்பது மட்டுமே எங்கள் வேலையாகிவிட்டிருந்தது. அந்நியப் பாடசாலையில் கொப்பியைப் புரட்டிப் பார்த்தவன், சொந்த மகளின் கணிதக் கொப்பியை எப்போது புரட்டினேன்? வெறும் தாள்கள்தான் இருக்கும் என்று தெரிந்ததால்தான் புரட்டவில்லை. அதுதான் உண்மை. தங்கச்சி என்னிடம் யோசனை கேட்டபோது, “ஏன், எங்கட ஸ்கூலுக்கே அனுப்பேன்” என்ற வார்த்தை என் நாக்கில் வராததற்கும் அதுதான் காரணம்.

தூக்கம் பிடிக்கவில்லை. மச்சானின் “சல்லியப் பத்தி யோசிக்காதீங்க” என்ற பேச்சும் உறுத்தியது. கட்டார் சம்பளம் நின்றுவிட்டது. கையில் உள்ளது சேமிப்பு. 2022இல் சில வாரங்களுக்குள் ரூபாயின் பெறுமதி எப்படிச் சரிந்தது என்று நாமெல்லாம் கண்டோம். கடை போடலாம் என்கிறார். கடை ஓடலாம், ஓடாமலும் போகலாம். வெளிநாட்டிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்கள் முதல் இரண்டு வருடம் கட்டணம் கட்டி, மூன்றாம் வருடம் பிள்ளையை நிறுத்தியதை நான் கண்டிருக்கிறேன். லண்டன் பாடத்திட்டத்தில் ஒன்பதாந் தரம்வரை வந்த பிள்ளையை எங்கள் வகுப்பறையில் கொண்டுவந்து உட்கார வைத்தால், அது கரையில் விழுந்த மீன். நமது வரலாறு தெரியாது, தமிழில் ஒரு வசனம் எழுத வராது. அரச பல்கலைக்கழகத்துக்கான வழமையான பாதையோ நமது உயர்தரப் பரீட்சை வழியாகத்தான் போகிறது.

காலையில் தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

“உள்ள போறதுக்கு எந்த வாசல் அழகுண்டு பாக்காதீங்க. இடையில வெளிய வரவேண்டி வந்தா, வாறதுக்கு ஒரு வாசல் ஈக்கிற எடமாப் பாருங்க.”

மச்சானுக்குக் கோபம் வந்தது. “நாங்க தோத்துப்போவோமுண்டு இப்பவே முடிவு கட்டுறீங்களா?” என்றார். தங்கச்சிக்கும் மனமில்லை. “நம்மட ஆக்கள்ட ஸ்கூலை உட்டுட்டு...” என்று இழுத்தாள். அவளது பயத்தையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. சித்தி லெப்பை முஸ்லிம் பெண்பிள்ளைகளின் கல்விக்காகப் பாடுபட்டது இதே கண்டியில்தான். அந்தக் காலத்திலும் நம்மவர்கள் இதே பயத்துடன்தான் வாசலில் நின்றிருப்பார்கள். பெயரில் மார்க்கம் இருந்தால் போதாது, ஆசிரியையும் நிலைத்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஒரு கிழமை பேச்சுவார்த்தை இல்லை. பிறகு மச்சான் தானாகவே வந்து, பழைய பாடசாலையின் விண்ணப்பத்தை நிரப்பித் தரும்படி கேட்டார்.

அவள் அங்கேதான் சேர்ந்தாள். முதல் தவணை அழுகையிலேயே போயிற்று. இடைவேளையில் பிள்ளைகள் பேசியது சிங்களம். இவளுக்கு அது ஐந்தாவது பாஷை. ஞாயிறு காலை அஹதிய்யா, மாலையில் எங்கள் வீட்டில் தமிழ் எழுத்து. என் மகள்தான் அவளுக்கு ஆசிரியை. கைம்மாறாக இவள் அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தாள். ‘ழ’வை இன்னும் இருவரும் சரியாக உச்சரிப்பதில்லை.

நான் செய்தது ஒன்றே ஒன்று. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, கணித ஆசிரியர் இல்லாத தவணைகளை நாட்கணக்கில் வாசித்தேன். பெற்றோரின் கையொப்பங்களுடன் வலயக் கல்விப் பணிமனைக்கு மூன்று முறை ஏறி இறங்கினோம். கிழமைக்கு மூன்று நாட்கள் ஓர் ஆசிரியரை இணைத்தார்கள். போதாதுதான். ஆய்வுகூடத்தை நாங்களே தூசு தட்டித் திறந்தோம்.

மச்சானின் கடை எப்படிப் போகும் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தவணைக் கட்டணத்துக்கும் அவர் முகம் கொஞ்சம் இறுகுவதைக் காண்கிறேன். வெளியே வர வாசல் உள்ள பாடசாலையைப் பாருங்கள் என்று அவருக்குச் சொன்னவன் நான். அந்த வாசல் வந்து திறப்பது எங்கள் பாடசாலை முற்றத்தில். அப்படி ஒரு நாள் மருமகள் இங்கே வந்து உட்கார நேர்ந்தால், அவளுக்கும் என் மகளுக்கும் அந்த மேசையில் கணிதம் நடந்துகொண்டிருக்க வேண்டும்.