கலக்காதீங்க... அப்படியே குடிங்க! சாக்லேட்டைத் தேடி ஒரு டூரின் உலா

சாக்லேட் ஐஸ்க்ரீம் பிடிக்காது என்பவர்கள் குறைவு. ஆனால், 'திருப்தியாக' ஒரு சாக்லேட் ஐஸ்க்ரீம் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள். பார்க்கப் பழுப்பாக இருக்கும். வாயில் வைத்தால் சர்க்கரையும் குளிரும்தான் தெரியும். சாக்லேட் எங்கோ தூரத்தில் நிற்கும்.

இதற்குக் கடைக்காரரின் கஞ்சத்தனம் மட்டுமே காரணம் இல்லை. குளிர்ந்த நாக்குக்கு இனிப்பும் மணமும் மந்தமாகத்தான் தெரியும். அதை ஈடுகட்டச் சர்க்கரையைக் கூட்டுகிறார்கள். சரி, சாக்லேட்டைக் கூட்டலாமே என்றால், அதில் இருக்கும் கோகோ வெண்ணெய் குளிரில் இறுகிப்போகும். ஐஸ்க்ரீம் மெழுகு மாதிரி ஆகிவிடும். சர்க்கரை அதிகமானால் திகட்டும், சாக்லேட் அதிகமானால் கட்டிதட்டும்.

இந்தச் சிக்கலோடு வாழ்ந்து பழகி, அதிலேயே பெயரும் வாங்கிய ஊர் ஒன்று இத்தாலியில் இருக்கிறது. டூரின்.

ரோம், வெனிஸ் என்று ஓடும் சுற்றுலாக் கூட்டம் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. ஃபியட் கார் பிறந்த ஊர், கால்பந்து ரசிகர்களுக்கு யுவென்டஸ் ஊர், அவ்வளவுதான் பலருக்கும் தெரியும். 1861-ல் ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் தலைநகரம் இதுதான். மிலனிலிருந்து விரைவு ரயிலில் சுமார் ஒரு மணி நேரப் பயணம். ஒரு பக்கம் போ நதி, அண்ணாந்து பார்த்தால் ஆல்ப்ஸ் பனிமலை. ஊருக்குள் சுமார் 18 கிலோமீட்டருக்குத் தூண் வைத்த நடைபாதை மண்டபங்கள் இருக்கின்றன. மழை பெய்தாலும் நனையாமல் கடை கடையாக ஏறி இறங்கலாம். சாக்லேட் தேடுபவர்களுக்கென்றே கட்டியது போல!

முதலில் சூடானதிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. கொன்சொலாட்டா மாதா கோயிலுக்கு நேர் எதிரே 'அல் பிச்செரின்' என்று ஒரு சின்னக் கடை. 1763-லிருந்து இருக்கிறது. உள்ளே வட்டமான பளிங்கு மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவத்தி. மேஜைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையில் நிற்கத்தான் வேண்டும்.

பிச்செரின் என்றால் அந்தப் பகுதிப் பேச்சில் 'சின்ன கிளாஸ்'. அந்தச் சின்ன கிளாஸில் சூடான கெட்டி சாக்லேட், டிகாக்‌ஷன் போன்ற காபி, மேலே குளிர்ந்த பால் க்ரீம் என்று அடுக்காக வரும். பார்த்ததும் ஸ்பூனை எடுத்துக் கலக்கத் தோன்றும். கலக்கக் கூடாது! மேலே சில்லென்ற க்ரீம் உதட்டில் பட, அடியிலிருந்து சூடும் கசப்பும் மெல்ல ஏறி வரும். முதல் வாய் ஒரு மாதிரி, கடைசி வாய் வேறு மாதிரி. கலந்துவிட்டால் அது வெறும் இனிப்புக் காபி.

ஆரம்பத்தில் இந்த மூன்றையும் தனித்தனியாகத்தான் கொண்டு வந்து வைப்பார்களாம். காபியும் பாலும் போதும் என்பவர்களுக்கு ஒன்று, காபியும் சாக்லேட்டும் கேட்பவர்களுக்கு ஒன்று, 'எல்லாத்துலயும் கொஞ்சம்' என்பவர்களுக்கு ஒன்று என மூன்று வகை. கடைசி வகைதான் ஜெயித்தது. எந்த ஊரிலும் அதுதானே ஜெயிக்கும்!

கோயில் எதிரில் இருப்பதும் தற்செயல் இல்லை. நற்கருணை வாங்கும்வரை வெறும் வயிற்றோடு இருந்தவர்கள், பூசை முடிந்து வெளியே வந்ததும் தெம்புக்குக் குடிக்க ஏதாவது வேண்டும். தவக்காலத்திலும் சாக்லேட் பானம் குடித்தால் நோன்பு முறியாது என்ற வாதம் அந்தக் காலத்தில் இருந்தது. நீண்ட காலம் பெண்களே நடத்திய கடை இது. காபிக் கடை என்றால் ஆண்கள் கூடும் இடம் என்றிருந்த நாள்களில், பெண்கள் தனியாக வந்து உட்கார்ந்து குடிக்கத் தயங்காத இடமாக இருந்திருக்கிறது. அந்தச் சின்ன கிளாஸுக்கு இதைவிடப் பெரிய பெருமை வேறு வேண்டாம்.

காபி வேண்டாம், குழந்தைகளும் கூட இருக்கிறார்கள் என்றால் 'சொக்கொலாட்டா கால்டா' கேட்கலாம். நாம் வீட்டில் பாலில் பவுடர் போட்டு ஆற்றிக் குடிக்கிறோமே, அந்தப் பானம் இல்லை இது. சோள மாவு சேர்த்துக் கூழ் பதத்துக்குக் காய்ச்சுவார்கள். ஸ்பூன் வைத்துத்தான் சாப்பிட வேண்டும். மேலே போடும் க்ரீமில் பெரும்பாலும் சர்க்கரை இருக்காது. 'என்ன இது, சப்பென்று இருக்கிறதே' என்று ஒதுக்க வேண்டாம். கெட்டி சாக்லேட்டின் கனத்தைக் குறைப்பதே அதுதான்.

இனி ஐஸ்க்ரீம். அதற்கு முன்னால் நெப்போலியன் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1806-ல் இங்கிலாந்தை முடக்க நெப்போலியன் வர்த்தகத் தடை போட்டார். கடல் வழியாக வரும் கோகோ அரிதாகி, விலை எகிறியது. டூரின் சாக்லேட்காரர்களோ பக்கத்து லாங்கே மலைச்சரிவுகளில் விளையும் ஹேசல்நட் பருப்பை வறுத்து, அரைத்து, இருக்கிற கோகோவில் கலந்து ஒப்பேற்றினார்கள் என்பது ஊர் சொல்லும் கதை. தடை போட்ட உடனே நடந்ததா, பிறகு மெல்ல வந்த பழக்கமா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், 1865-ல் திருவிழா சமயத்தில் கஃபரெல் நிறுவனம் அந்தக் கலவையில் கவிழ்த்த படகு போன்ற சின்ன மிட்டாயைத் தாளில் சுற்றிக் கொடுத்தது. திருவிழாவில் வேஷம் கட்டி வரும் 'ஜான்டூயா' என்ற கோமாளி விவசாயியின் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு பக்கத்து ஆல்பா ஊரில் ஃபெரேரோ குடும்பம் இதே ஜோடியை வைத்து 1964-ல் கொண்டு வந்ததுதான், இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பிரெட்டில் தடவும் நுட்டெல்லா.

பற்றாக்குறைக்குச் சேர்த்த பருப்பு, ஐஸ்க்ரீமுக்கு வரமாகப் போனது. ஹேசல்நட் எண்ணெய் கோகோ வெண்ணெய் மாதிரி இறுகாது. அதனால் ஜான்டூயா ஐஸ்க்ரீம் குளிரிலும் வழுவழுப்பாக இருக்கும். போதாததற்கு, இத்தாலியர்களின் ஜெலாட்டோவைத் தொழிற்சாலை ஐஸ்க்ரீம் அளவுக்குக் குளிர வைப்பதில்லை. காற்றும் குறைவாகத்தான் அடிப்பார்கள். டப்பாவில் வரும் சில ஐஸ்க்ரீம்களில் பாதிக்குப் பாதி காற்றுதான் என்பது தெரிந்தால் மனசு கஷ்டப்படும்!

போ சாலையில் 1780-லிருந்து இருக்கும் ஃபியோரியோ, ஜான்டூயா ஐஸ்க்ரீமுக்குப் பேர்போனது. இத்தாலியின் முதல் பிரதமரான கவூர் வந்து போன கடை. உள்ளே சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்தால் பில் வேறு. கோன் வாங்கிக்கொண்டு மண்டபத்தில் நடந்தால் பில் வேறு. ருசி ஒன்றுதான். நாலு பேர் குடும்பமாகப் போனால் நடப்பதே உத்தமம்.

கரிஞ்ஞானோ சதுக்கத்தில் பெப்பினோ கடை, 1884-ல் தொடங்கியது. 1939-ல் இவர்கள் கொண்டுவந்த 'பிங்குயினோ', சாக்லேட்டில் முக்கியெடுத்த குச்சி ஐஸ். உலகிலேயே முதல் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுச் சாப்பிடலாம். அமெரிக்காவில் 1920-களிலேயே சாக்லேட் பூசிய குச்சி ஐஸ் வந்துவிட்டது. ஆனால், பல் பட்டதும் 'படக்' என்று உடையும் அந்த மெல்லிய சாக்லேட் தோலுக்காகவே இதைச் சாப்பிடலாம்.

பருப்பு வேண்டாம், சாக்லேட்தான் வேண்டும் என்பவர்கள் 'ஃபொன்டென்ட்டே' என்று கேட்கட்டும். கறுப்பு சாக்லேட் அது. பல கடைகளில் பால் சேர்க்காமல் தண்ணீரிலேயே செய்கிறார்கள். பால் கொழுப்பு குறுக்கே வராததால் கசப்பும் மணமும் நேராக நாக்கைத் தொடும். திருப்தி என்றால் இதுதான். ஜான்டூயா செல்லக் குழந்தை என்றால், இது கண்டிப்பான தாத்தா.

கிளம்புவதற்கு முன் சில விஷயங்கள். கோடையில் பல கடைகளில் சூடான சாக்லேட் கிடைக்காது. சூடும் குளிரும் ஒரே நாளில் வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரல் அல்லது அக்டோபர் சரியாக இருக்கும். மலை மாதிரி குவித்து அலங்கரித்த ஐஸ்க்ரீமைவிட, மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரத்திலிருந்து எடுத்துத் தரும் கடையை நம்பலாம். முட்டை சாப்பிடாதவர்கள் 'உவோவா' இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சில வகைகளில் மஞ்சள் கரு சேர்ப்பார்கள். பருப்பு அலர்ஜி உள்ள குழந்தை கூட இருந்தால் இந்த ஊரில் ரொம்பவே ஜாக்கிரதை தேவை. 'நொச்சோலா' என்றால் ஹேசல்நட். அது இல்லாத சாக்லேட்டுக்குக்கூட அதே கரண்டியைத்தான் போடுவார்கள். சாக்லேட் மிட்டாய்களில் ரம் ஊற்றியவையும் உண்டு, கேட்டு வாங்க வேண்டும்.

ஊருக்கு வாங்கி வர ஜான்டூயா மிட்டாய்தான் தோது. ஆனால், எண்ணெய்ப் பருப்பு என்பதால் சீக்கிரம் இளகும். ஸ்வெட்டருக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். அதற்குள் யாரும் பார்த்துவிடாமல் இருந்தால்!