கல்லாவில் இருப்பதெல்லாம் லாபமா?

காலையிலிருந்து வாடிக்கையாளர் கூட்டம் ஓயவில்லை. கல்லாவும் நிறைகிறது. ஆனால், மாதக் கடைசியில் அரிசி மண்டிக்குக் கொடுக்கப் பணம் இருப்பதில்லை. 'நல்லாத்தானே ஓடுது, காசெல்லாம் எங்கே போகுது?' என்று புலம்பாத சிறு வியாபாரிகள் குறைவு. பல கடைகளில் இதற்கு ஒரே காரணம்தான்... வீட்டுக் காசும் கடைக் காசும் ஒரே பையில் கிடக்கின்றன.

தெருமுனையில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு தம்பதியின் கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். தினமும் 100 கிலோ மாவு, கிலோ 45 ரூபாய். கல்லாவில் 4,500 ரூபாய் சேர்கிறது. அரிசி, உளுந்துக்கு 2,700 ரூபாய். வாடகை, கரன்ட், கவர், கிரைண்டர் பராமரிப்புக்கு 900 ரூபாய். மிச்சம் 900. மாதத்துக்கு 27,000 ரூபாய்.

கணவர் பெட்ரோலுக்கு 200 எடுக்கிறார். மனைவி பால்காரருக்கு எடுக்கிறார். பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் அதிலிருந்தே போகிறது. எதுவும் எழுதப்படுவதில்லை. இப்படி மாதம் 30,000 ரூபாய் போனால், குறையும் 3,000 ரூபாய் கடையில் தெரியாது. மண்டிக்காரர் நோட்டில்தான் தெரியும். ஒரே வருடத்தில் அது 36,000 ரூபாய் கடன்!

முதலாளிக்கும் சம்பளம்

இதற்கு மருந்து, முதலாளியும் சம்பளம் வாங்குவது. மாதம் இவ்வளவு என்று முடிவுசெய்து, 1-ம் தேதி வீட்டுக்கு எடுத்துவிட வேண்டும். அதன்பிறகு கல்லா பக்கம் கை போகக் கூடாது.

விடியற்காலையில் எழுந்து அரிசி களைபவருக்கும் சம்பளம் உண்டா என்பது அடுத்த கேள்வி. 'வீட்டு ஆள்தானே' என்று பல கடைகளில் மனைவியின் உழைப்பு கணக்கிலேயே வருவதில்லை. அதே மாவுக்கடையில் இருவருக்கும் தினம் தலா 500 ரூபாய் கூலி போட்டுப் பாருங்கள். மிச்சமாகத் தெரிந்த 900 ரூபாய் மறைந்து, 100 ரூபாய் நஷ்டம் வரும். அதாவது, அந்தக் கடைக்கு லாபமே இல்லை. இரண்டு பேரின் கூலியைத்தான் லாபம் என்று நினைத்திருக்கிறார்கள். இது தெரிந்தால்தான் கிலோவுக்கு 2 ரூபாய் கூட்டுவதா, செலவைக் குறைப்பதா என்று யோசிக்க முடியும்.

இரண்டு கணக்கு, ஒரு நோட்டு

கடையில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர் கோடு எந்த வங்கிக் கணக்கில் இணைந்திருக்கிறது? வீட்டு சேமிப்புக் கணக்கு என்றால், டூவீலர் இ.எம்.ஐ அன்று கடைப் பணமும் சேர்ந்தே போய்விடும். கடைக்குத் தனிக் கணக்கு தொடங்கி, க்யூ.ஆரை அதற்கு மாற்றிவிடுங்கள்.

கூடவே ஒரு நோட்டு போதும். இரவு ஷட்டரை இறக்கும் முன் வரவு, செலவு, தர வேண்டியது, வர வேண்டியது என நான்கையும் எழுதுங்கள். கிரைண்டர் மோட்டார் சொல்லிக்கொண்டு பழுதாவதில்லை. அதற்காகத் தினமும் 50 ரூபாய் தனியே போட்டால், வருடத்தில் 18,000 ரூபாய்க்கு மேல் சேர்ந்துவிடும்.

ஹோட்டல் பாக்கி

ஹோட்டலுக்குக் கடனுக்கு மாவு கொடுப்பவர்கள் 'உத்யம்' பதிவைச் செய்துகொள்வது நல்லது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பதிவு ஆன்லைனில் இலவசம். ஆதார், பான் எண் போதும். அரசுக் கட்டணம் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் ஏமாறாதீர்கள்.

2006-ம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ மேம்பாட்டுச் சட்டப்படி, இப்படிப் பதிவுசெய்த குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி தர வேண்டும்.

தினமும் பார்க்கும் ஹோட்டல்காரர் மீது புகார் கொடுக்க யாருக்கும் மனசு வராது என்பது உண்மைதான். ஆனால், தேதி போட்ட பில்லும் அதில் அவர் கையெழுத்தும் இருந்தால், பாக்கியைக் கேட்கும்போது குரல் தயங்காது. பழைய பாக்கி வராமல் புது சரக்கு இல்லை என்ற வரம்பையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாக்கி ஏறிய பிறகு சொன்னால் சண்டையில்தான் முடியும்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. வரும் 1-ம் தேதி, இருவருக்கும் எவ்வளவு சம்பளம் என்பதை மட்டும் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். கடை உண்மையில் சம்பாதிக்கிறதா என்பது அந்த மாதமே தெரிந்துவிடும்.