மெத்தைக்கு அடியில் ஒரு ஏரி

நியூசிலாந்தின் தென்தீவில் ஜூலை என்றால் நடுக் குளிர்காலம். அந்த ஜூலையில்தான் கேம்பர்வேனில் ஊர் சுற்றலாம் என்று முடிவு செய்தார் அத்தான். பழைய டொயோட்டா ஹையேஸ். பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு ப்ளைவுட் பலகை அடித்து, அதன்மேல் ஃபோம் மெத்தை. எல்லாம் அவர் கைவேலை. "ஹோட்டல் வாடகை மிச்சம் மாப்ளே!"

கிறைஸ்ட்சர்ச்சில் கிளம்பும்போது அக்கா என் கோட் பாக்கெட்டில் இன்ஹேலரைத் திணித்தாள். "அவருக்கு வீசிங் இருக்கு. கேட்டா இல்லேம்பார். நீ பாத்துக்கோடா."

மூன்று மணி நேர டிரைவில் டெகாபோ ஏரி. தண்ணீரில் யாரோ நீலப் பெயின்ட்டைக் கவிழ்த்துவிட்டார்களோ என்று தோன்றும். பனியாறுகள் பாறையை மாவாக அரைத்து அனுப்புகின்றன. அந்த மாவு மிதப்பதால்தான் இந்த நிறம். கரையில் 1935-ல் கட்டிய குட்டிக் கல் சர்ச். ராத்திரி வானம் இன்னும் விசேஷம். 2012-லிருந்து இந்தப் பகுதி இருண்ட வானக் காப்பகம், தெருவிளக்குக்குக்கூடக் கட்டுப்பாடு. பால்வீதி தலைக்கு மேல் பளிச்சென்று கிடக்கிறது.

நாங்கள் பார்த்தது பத்தே நிமிஷம். வெளியே மைனஸ் நாலு. வேனுக்குள் ஓடி, ஜன்னல்களை இறுக மூடி, கேஸ் அடுப்பில் ரசம் வைத்து, நனைந்த துண்டுகளைக் கொடி கட்டித் தொங்கவிட்டுத் தூங்கினோம்.

நடுராத்திரி அத்தான் இருமினார். மறுநாள் ராத்திரி இருமலோடு விசில் சத்தமும். "குளிர்தான், வேறொண்ணுமில்ல" என்றவர், மூன்றாம் நாள் விடிகாலையில் தானே கை நீட்டி இன்ஹேலரைக் கேட்டார். எனக்கு அடிவயிறு கலங்கியது.

வெளிச்சம் வந்ததும் மெத்தையைத் தூக்கினேன். பலகை முழுக்கத் தண்ணீர். மெத்தை உறையின் அடியில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சைக்காளான்.

"நைட் தண்ணி பாட்டிலைக் கவுத்துட்டியா?" என்றார் அத்தான் சந்தேகமாக. பிறகு கூரை ஒழுகுகிறது என்றார். மழையே இல்லை!

பக்கத்து வேன் பெரியவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இது உங்க ரெண்டு பேர் மூச்சுதான்."

கணக்குப் போட்டால் உண்மைதான். இரண்டு பேர் ஒரு ராத்திரி விடும் மூச்சிலும் வியர்வையிலும் ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீர் போகிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி. ரசத்தின் ஆவியும் துண்டின் ஈரமும் தனி. (மூடிய வேனில் அடுப்பு எரித்ததற்குப் பெரியவரிடம் செம திட்டு. விஷவாயு சேர்ந்து ஆளையே முடித்துவிடுமாம்.) நம் உடம்புச் சூட்டை மெத்தை கீழே விடுவதில்லை, பலகை ஜில்லென்றே இருக்கும். மெத்தை வழியே இறங்கும் ஈரக்காற்று அதைத் தொட்டதும், ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்பக்கம் மாதிரி முத்து முத்தாகத் தண்ணீர். போக வழியில்லை. அப்புறமென்ன, காளான் குடித்தனம்தான்.

பலகைக்கு மேல் ரப்பர் ஷீட் போட்டால் போதாதா என்று கேட்டேன். "அப்போ தண்ணி ஷீட்டு மேல நிக்கும். காத்து போகணும் தம்பி, காத்து!"

ட்வைசல் என்ற சின்ன ஊரில் ஹார்டுவேர் கடை இருந்தது. மரச்சட்டங்கள் வாங்கி, ப்ளைவுட்டைக் கழற்றிவிட்டு, கயிற்றுக் கட்டில் மாதிரி இடைவெளி விட்டு அடித்தோம். கட்டிலுக்கடியில் அடைத்திருந்த பெட்டிகளைப் பாதியாகக் குறைத்தோம். உறையைத் தூக்கி எறிந்துவிட்டு, மெத்தையை லாண்டரிக் கடை ஹீட்டர் பக்கத்தில் அரைநாள் நிறுத்திக் காயவைத்தேன். பூஞ்சையைத் துடைத்ததும் நான்தான், முகத்தில் மாஸ்க்கோடு. அத்தானைக் கிட்டே விடவில்லை.

அன்று ராத்திரி எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல்கடை திறந்து வைத்தோம். காது விறைத்தது. அத்தானுக்கு மங்க்கி கேப். சமையல் வெளியே. எனக்குத் தூக்கமில்லை, விசில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன். வந்தது குறட்டைதான். அவ்வளவு இனிமையான குறட்டையை நான் கேட்டதில்லை.

காலையில் சட்டங்கள் லேசாக ஈரம், அவ்வளவுதான். அப்புறம் தினமும் எழுந்ததும் மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வைப்பது என் டூட்டி. மவுன்ட் குக் அடிவாரத்திலும் அதேதான். 3,724 மீட்டர் சிகரத்தை வளைத்து வளைத்து போட்டோ எடுத்த ஜப்பான்கார தம்பதி, எங்கள் மெத்தை ஃப்ரேமுக்குள் வராமலிருக்க ரொம்பவே சிரமப்பட்டார்கள்.