சும்மா நிற்கும் வண்டிக்கும் தேய்மானம் உண்டு!

கணக்குப்பதிவியலில் தேய்மானம் பாடம் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். ஒரு சொத்து, பயன்படுத்துவதால் மட்டும் தேய்வதில்லை. சும்மா வைத்திருந்தாலும், காலம் கடந்துபோவதாலேயே அதன் மதிப்பு குறையும். பரீட்சையில் காரணங்கள் கேட்டால் இரண்டாவதாக எழுதிவிட்டு மறந்துபோகிற சமாச்சாரம் இது.

இதை ஒவ்வொரு வருஷமும் மறக்காமல் படிப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அமெரிக்காவின் குளிர் மாநிலங்களில் ஆர்.வி. வைத்திருப்பவர்கள்!

ஆர்.வி. என்றால் ரிக்ரியேஷனல் வெஹிக்கிள். சக்கரம் வைத்த வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஷவர், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். சில வண்டிகள் பஸ் மாதிரி தானே ஓடும். சிலவற்றை டிரக்கின் பின்னால் மாட்டி இழுக்க வேண்டும். கோடையில் சில வாரங்கள் ஊர் சுற்றும், மீதி மாதங்கள் பனியில் நிற்கும். ஆபத்து ஓடும்போது இருப்பதைவிட இப்படி நிற்கும்போதுதான் அதிகம்.

முதல் எதிரி தண்ணீர். உறையும்போது தண்ணீரின் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடும். மூடிய குழாய்க்குள் அந்த 9 சதவீதத்துக்கு இடம் ஏது? குழாய் வெடிக்கும். மின்னசோட்டா மாநிலத்தில் டவர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 2 அன்று மைனஸ் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த மாதிரி இடத்தில் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் தங்கினாலே போதும்.

அதனால் அக்டோபர் வந்ததும் ஒரு நாள் இதற்கென்றே ஒதுக்கிவிடுவார்கள். முதலில் கழிவுத் தொட்டிகள். கழிப்பறைத் தொட்டியை முதலில் காலி செய்ய வேண்டும், குளியல், பாத்திரத் தண்ணீர்த் தொட்டியை அடுத்து. அப்போதுதான் இரண்டாவது தண்ணீர் அந்தக் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். (இந்த வரிசையை மாற்றியவர்கள் மறுமுறை மாற்ற மாட்டார்கள்!)

அடுத்து நல்ல தண்ணீர்த் தொட்டி. பிறகு வாட்டர் ஹீட்டர். அதை அணைத்து, ஆறவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அதற்கப்புறம் பிங்க் நிறத்தில் ஆர்.வி.க்கென்றே விற்கும் ஆன்டிஃப்ரீஸ். இது புரோப்பிலீன் கிளைக்கால் கலந்தது. கார் ரேடியேட்டரில் வழக்கமாக ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம், குடிநீர்க் குழாயில் அதற்கு இடமே கிடையாது. ஹீட்டரைத் தவிர்த்துப் போகும் பைபாஸ் வால்வைத் திருப்பிவிட்டு பம்ப்பைப் போட்டால், இரண்டு மூன்று காலனில் வேலை முடியும். வால்வைத் திருப்ப மறந்தால் ஹீட்டரே ஆறு காலனைக் குடித்துவிடும். காசு தண்டம்! ஒவ்வொரு குழாயிலும், வெந்நீர், தண்ணீர் இரண்டிலும், பிங்க் நிறம் வரும்வரை திறந்து பார்க்க வேண்டும்.

தண்ணீரோடு முடிந்ததா? இல்லை. முழு சார்ஜ் உள்ள லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 50 டிகிரியையும் தாங்கும். சார்ஜ் இறங்கிய பேட்டரியோ மைனஸ் 10ஐத் தொடும் முன்பே உறைந்துவிடும். எல்லா சுவிட்சையும் அணைத்தாலும் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே பேட்டரியைக் கழற்றி வைப்பது நல்லது. ஃப்ரிட்ஜைக் காலி செய்து, கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும், மூடினால் பூஞ்சை பிடிக்கும். எலி நுழையும் ஓட்டைகளை ஸ்டீல் கம்பளி வைத்து அடைக்க வேண்டும். உள்ளே ஒரு பிஸ்கட் துணுக்குகூட இருக்கக்கூடாது. வந்த எலி பிஸ்கட்டோடு நிற்காது, ஒயரையும் கடிக்கும்.

டயரைப் பாருங்கள், தேய்மானப் பாடத்துக்கு நல்ல உதாரணம். பட்டை கொஞ்சம்கூடத் தேயாமல் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் வெயிலும் வயசும் ரப்பரை வெடிக்கச் செய்திருக்கும். அமெரிக்க டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் பிறந்தது. அது ஓடிய மைல் குறைவாக இருக்கலாம், வயசு குறையாது.

ஓய்வுபெற்ற ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறார்கள். ஆனால் வண்டியின் வெளிப்பக்கம், கால் கழுவ ஒரு சின்ன ஷவர் இருக்கிறதே, அதை மறந்துவிடுகிறார்கள். ஜனவரியில் அங்கே குழாய் விரிகிறது. சத்தம் யாருக்கும் கேட்காது. ஏப்ரலில் தண்ணீர் நிரப்பிப் பம்ப்பைப் போடும்போது சுவருக்குள் கசிகிறது. தரைப் பலகை ஊறி மெத்தென்று ஆனபிறகுதான் தெரிகிறது. பல இன்சூரன்ஸ் பாலிசிகளில் உறைவதால் வரும் சேதம் சேராது. அந்தக் கோடைப் பயணம் ஒர்க் ஷாப்பிலேயே முடிகிறது. எழுபது வயதில் ஒரு கோடை என்பது சின்னத் தொகை அல்ல.

ஓட்டிய மைலுக்குக் கணக்கு வைப்பது சுலபம். நின்ற நாட்களுக்குக் கணக்கு வைப்பவர்கள் குறைவு. அக்டோபர் மாலையில், குளிரில் குனிந்து, ஒவ்வொரு குழாயாகத் திறந்து பிங்க் நிறம் வருகிறதா என்று பார்க்கிறாரே ஒருவர், அவர் பழைய பயணத்தை மூட்டைகட்டவில்லை. அடுத்த பயணத்தை அப்போதே தொடங்கிவிட்டார்.

என்ன, கடைசியாக அந்த வெளி ஷவரையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும்!