கோவையில் ஒரு பல்சக்கரம்

சென்ற கோடை விடுமுறையில், உதகைக்குப் போகிறவர்களின் கூட்டத்தோடு நாமும் ரயிலேறினோம். ஆனால் நமது பிரயாணம் மலையடிவாரம் வரையிற்கூடச் செல்லவில்லை, கோயம்புத்தூரிலேயே முடிந்துவிட்டது. குளிர்காற்று வாங்குவது நமது நோக்கமன்று. சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த ஒரு சிறு பல்சக்கரத்திற்கு வைத்தியம் தேடியே போனோம்.

விஷயம் இதுதான். நமது பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாள்களைப் பிரதியெடுக்கும் யந்திரம் ஒன்று உண்டு. அதனுள் சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் ஒன்றில் மூன்று பற்கள் உடைந்துவிட்டன. விற்றவர்களுக்கு எழுதினோம். “அந்த மாதிரி இப்போது இல்லை, உதிரிப் பாகமும் இல்லை, புதியது வாங்கிக்கொள்ளுங்கள்” என்று பதில் வந்தது. 30 பற்களில் 3 போனதற்காக யந்திரம் முழுவதையும் எறிந்துவிட வேண்டுமாம்! புதியது வாங்கப் பள்ளியிற் பணமில்லை. பழையதை எறிய நமக்கு மனமில்லை.

கோவை நகரத்தைப் பஞ்சாலை நகரம் என்று நேயர்கள் அறிவார்கள். 1888-ல் அங்கே முதல் ஆலை எழுந்தது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலைகளுக்கு அன்றாடம் ஏதேனும் ஓர் உறுப்பு தேயும், ஒன்று ஒடியும். அவற்றைச் செப்பனிடுவதற்கென்று பட்டறைகள் தோன்றின. 1937-ல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் நம் நாட்டிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டியது இந்த மண்ணிலேதான். இன்றும் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துத் தெருக்களில் நடந்தால், வீட்டுக்கு வீடு லேத் சுழலும் ஓசை கேட்கிறது.

அத்தகைய தெரு ஒன்றிற் சிறிய பட்டறைக்குள் நுழைந்தோம். இரும்பும் எண்ணெயும் மணக்கும் என்று எதிர்பார்த்த நமக்கு ஆச்சரியம் காத்திருந்தது. தரையெங்கும் பூக்குவியல் போல வெள்ளைச் சுருள்கள்! அங்கே கடைவது நைலான், டெஃப்லான், அக்ரிலிக் முதலிய பிளாஸ்டிக் வகைகள்.

பட்டறைக்காரர் சக்கரத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இது அச்சுல வார்த்ததுங்க சார். ஒண்ணுக்காக அச்சுப் பண்ணினா யந்திரத்தோட விலையே ஆயிரும். நாம கட்டியிலேர்ந்து கடைஞ்சு எடுத்துடலாமுங்க” என்றார்.

கணிதம் போதிக்கும் நாம் சும்மா இருப்போமா? சக்கரத்தின் வெளி விட்டம் 32 மில்லிமீட்டர்; பற்கள் 30. பற்களின் தொகையோடு 2-ஐக் கூட்டி, விட்டத்தை அதனால் வகுத்தால் பல்லின் அளவு 1 என்று வருகிறது. இதை நாம் பெருமையுடன் சொல்லவே, அவர் புன்னகை செய்து, “கணக்குச் சரிங்க. இனிமே கைதான் பேசணும்” என்றார்.

மாலை ரயிலுக்குத் திரும்ப வேண்டும் என்று நாம் பலமுறை நினைவூட்டினோம். லேத்தில் நின்ற இளைஞன் நைலான் உருளையைப் பூட்டி வேகமாகக் கடைந்தான், நடுவில் 8 மில்லிமீட்டர் துளை போட்டான், உடனே அளந்தான். அளவு மிகச் சரி! காபி அருந்திவிட்டு வந்து, அதே அளவுள்ள எஃகுத் தண்டிற் கோத்துப் பார்த்தால், துளைக்குள் தண்டு நுழையவில்லை.

“சூட்டுல அளந்தா நைலான் பொய் சொல்லுமுங்க” என்றார் பட்டறைக்காரர். எஃகைவிட நைலான் பல மடங்கு சூட்டில் விரியும். ஆறினால் அதே போலச் சுருங்கும். மில்லிமீட்டரில் நூறில் மூன்று நான்கு பங்குதான் குறைந்திருந்தது. காரியம் கெட அதுவே போதும். அந்தத் துளையையே மீண்டும் அகற்றினால் மையம் விலகிவிடக்கூடும் என்று அத்துண்டை ஒதுக்கிவிட்டார். இளைஞனை அவர் கடிந்துகொள்ளவில்லை. அவசரம் நம்முடையது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ரயிலை மறந்தோம். இரண்டாவது துண்டுக்கு உளியைத் தீட்டிக்கொண்டார்கள். மழுங்கிய உளி பிளாஸ்டிக்கை வெட்டாது, உரசி உருக்கும். இறுகப் பிடித்தால் பிடியின் மூன்று தாடைகளும் அழுத்தி வட்டத்தைக் கோணலாக்கும். ஆகையால் மென்மையாகப் பிடித்தார்கள். காற்றை ஊதிக்கொண்டே மெல்லிய சீவலாகச் சீவி, ஆறவிட்டு, பிறகே கடைசி அளவுக்குக் கொண்டுவந்தார்கள். நைலான் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துச் சிறிது பருக்கும் என்பதால், பற்களுக்கிடையே இம்மியளவு இடமும் விட்டார்கள்.

அடுத்து, பல் வெட்டும் வேலை. இதற்குரிய யந்திரத்தில் கைப்பிடியை 40 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுழலும். 30 பற்களுக்கு, பல்லொன்றுக்கு ஒன்றே மூன்றில் ஒரு சுற்று. 15 துளைகளுள்ள வட்டத்தில், ஒரு முழுச் சுற்றும் ஐந்து துளைகளும். ஒரு முறை எண்ணிக்கை தவறினாலும் அத்தனையும் வீண். இளைஞன் உதடு அசைய எண்ணினான். 30-வது பள்ளம் முதற் பல்லோடு பிசகாமல் வந்து சேரும் வரையில் நாம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிறகு சக்கரம் மூலையில் அமர்ந்திருந்த ஓர் அம்மாளின் கைக்குப் போயிற்று. ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் நூல்போல் ஒட்டியிருந்த பிசிறைக் கூரிய கத்தியால் அவர் நீக்கினார். அவர் பக்கத்தில் மங்கலான அக்ரிலிக் மூடி ஒன்று இருந்தது. அதை 400, 800, 1000 என்று வரவர நயமான தாள்களால், நீர் விட்டுத் தேய்த்துத் துணிச்சக்கரத்தில் பிடித்ததும், அது கண்ணாடியாய்த் தெளிந்தது. துடைக்க ஸ்பிரிட் கொடுக்கப் போன நம்மை அவர் தடுத்தார். அது பட்டால் மயிரிழை போன்ற விரிசல் காணுமாம்.

அருகிலுள்ள கட்டடத்தில் கம்ப்யூட்டர் நடத்தும் யந்திரங்கள் ஒரே மாதிரியான உறுப்புகளை வரிசையாக வெட்டித் தள்ளுகின்றன. ஆனால் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தின் ஒற்றைச் சக்கரத்திற்கு இந்தப் பழைய லேத்தும் இந்தக் கைகளுமே வேண்டியிருக்கின்றன. சுதேசி என்றால் வாங்கும் பொருளைப் பற்றியது என்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். உடைந்ததை நாமே செய்துகொள்ளத் தெரிவதும் அதில் அடங்கும் என்று அன்று விளங்கிற்று. தெரியாதவன், விற்பவன் எறியச் சொன்னபோதெல்லாம் எறிய வேண்டியதுதான்.

இரவு உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் ஊர் திரும்பினோம். பள்ளி திறந்த வாரத்தில் யந்திரம் பழையபடி ஓடியது. துளை சிறுத்துப்போன முதல் துண்டையும் பட்டறைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தோம். இப்போது அது நமது மேஜைமீது இருக்கிறது. பின்னக் கணக்கு நடத்தும் நாளில் பிள்ளைகளின் கையில் அதைக் கொடுத்து, 40-ஐ 30-ஆல் வகுக்கச் சொல்லுகிறோம். அது ஏன் வீணாயிற்று என்று யாரேனும் ஒரு பிள்ளை கேட்காமல் இருப்பதில்லை. நமது அவசரத்தால்தான் என்று சொல்லிவிடுகிறோம்.